பூட்டன் எந்தக் கரையிலிருந்து வந்தார்?

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பங்களின் கூட்டம் முடிந்து நாம் எழும்பிய வேளையில், ஒரு சிறுவன் பள்ளிக்கூடக் கொப்பியுடன் எம்மிடம் வந்தான். தனக்கு மேலே ஐந்து தலைமுறைப் பெயர்களை எழுதிவரும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். மூன்று தலைமுறை நிரம்பியிருந்தது. மேலே இரண்டு வரிசை வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் நின்ற அவனது ஆச்சியைக் கேட்டோம்.

"அம்மம்மாவை அம்மம்மா எண்டுதான் கூப்பிட்டது. பேர் ஆர் கேட்டது?" என்று சிரித்தார் ஆச்சி. பிறகு, "கூலிக்குப் போன சனத்துக்கு என்ன சுவாமி சரித்திரம்? உறுதி இருந்தவைக்குத்தான் பரம்பரை" என்றார்.

ஆச்சி ஊர்காவற்றுறைப் பக்கத்தில் பிறந்தவர். தகப்பனார் புகையிலைத் தோட்டங்களில் துலா மிதித்து இறைத்தவர். தாயார் பனையோலையில் கடகமும் பாயும் இழைத்து விற்றவர். 1990 ஓகஸ்டில் தீவை விட்டு வெளிக்கிட்ட இக்குடும்பம் யாழ்ப்பாணத்தில் ஒதுங்கியது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வன்னிக்கு வந்தது. 2009 இல் செட்டிகுளம் முகாமையும் கண்டு, பின்னர் கிளிநொச்சிக்கே திரும்பியது. இத்தனை ஓட்டத்திலும் ஒரு றங்குப்பெட்டி கூடவே வந்திருக்கிறது.

அந்தப் பெட்டியிலிருந்து தொடங்கி, ஓராண்டுக்குள் வெறுமையான இரண்டு வரிசைகளும் நிரம்பின. அதை எவ்வாறு செய்தோம் என்பதை இங்கே விளக்குகின்றோம். நிலமும் பட்டமும் இல்லாத குடும்பங்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

வைபவமாலையில் இல்லாத பெயர்கள்

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய தலைவர்களின் பெயர்களை ஊர் ஊராகக் கூறுகின்றது. நெடுந்தீவில் குடியேறியவராகத் தனிநாயக முதலி என்பவரைக் குறிப்பிடுகின்றது. 1913 இல் கரம்பொனில் பிறந்த சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்னும் குருவானவர், நெடுந்தீவு முன்னோரின் அந்தப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். உலகத் தமிழர் அவரைத் தனிநாயகம் அடிகள் என்று அறிவர்.

தலைவரின் பெயர் ஏட்டில் நின்றது. அவர் வந்த தோணியில் தண்டு வலித்தவர் யார்? நெடுந்தீவில் இன்றும் நிற்கும் கல்வேலிகளை அடுக்கிய கைகள் யாருடையவை? ஏடு சொல்லவில்லை. ஆயினும் தனிநாயகம் அடிகளே பிற்காலத்தில், பிரெஞ்சுக்காரரால் மார்த்தினிக் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்க் கூலிகளின் குடிப்பெயர்வைத் தேடி எழுதினார். உழைப்பாளியின் வழியும் தேடினால் கிடைக்கும் என்பதற்கு எமது தீவகத்தவர் ஒருவரே முன்மாதிரி. எங்கே தேடுவது என்று அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

முதலாவது ஏடு: வீட்டிலுள்ள முதியவர்

தேடலை அலுவலகத்தில் தொடங்கக் கூடாது. வீட்டில் ஆக வயது கூடியவரிடம் தொடங்க வேண்டும். அவரிடம் ஆண்டைக் கேட்டால் நினைவிராது. "புயலுக்கு முந்தியா பிந்தியா? அப்போது யார் உயிரோடு இருந்தார்கள்? யாருடைய வளவில் குடியிருந்தீர்கள்? எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள்?" என்று கேட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வீட்டுப் பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருக்கும். பட்டப்பெயரையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

அடுத்து, பெட்டியிலுள்ள தாள்கள். ஞானஸ்நானச் சீட்டு, ஓலைச் சாதகம், பள்ளிக்கூடம் விட்ட சான்றிதழ், பழைய கடித உறை, காசுக்கட்டளைத் துண்டு, ஒன்றையும் எறிய வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டிக்கு அச்சிடும் 'கல்வெட்டு' என்னும் சிறுநூலில் பெற்றோர், உடன்பிறந்தோர், மணவுறவுகள் யாவும் இருக்கும். உங்கள் குடும்பம் அச்சிடாவிட்டாலும், வசதியுள்ள உறவினருக்கு அச்சிட்ட கல்வெட்டில் உங்கள் பாட்டியின் பெயர் இருக்கலாம். 2005 இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் பெருமளவில் மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. கைத்தொலைபேசியிலேயே பிள்ளைகள் தேடிப் பார்க்கலாம். இந்துக் குடும்பங்களில் திதி கொடுக்கும்போது ஐயர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார். அந்தப் பெயர்களை ஒருமுறை எழுதி வைத்தாலே மூன்று படி ஏறிவிடலாம்.

ஆச்சியின் பெட்டியில் மூன்று பொருட்கள் கிடைத்தன. அவருடைய ஞானஸ்நானச் சீட்டு ஒன்று. மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளைத் துண்டுகள் சில. மடித்து மடித்துக் கிழிந்த உறுதிப் பிரதி ஒன்று. அந்த உறுதி எதைப் பற்றியது என்று ஆச்சிக்குத் தெரியாது. தாயார் வைத்திருந்ததால் தானும் வைத்திருந்தார்.

இரண்டாவது ஏடு: கோவில் பதிவு

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குப் பதிவேடுகள் பெருந்துணை. விவாகப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று திரெந்துப் பொதுச்சங்கம் 1563 இல் விதித்தது. ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானத்தாய், ஞானத்தகப்பன் ஆகியோர் இருப்பர். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு அங்கே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி.

பழைய பதிவுகள் பல லத்தீனில் உள்ளன. இங்கேதான் பலர் தடுக்கி விழுகின்றனர். ஆச்சியின் தகப்பனார் இராயப்பு. அப்பெயரைத் தேடினால் ஏட்டில் கிடைக்காது. லத்தீனில் அவர் 'பேத்ருஸ்'. அதேபோல் சின்னப்பு 'பவுலுஸ்', அருளப்பு 'யொவான்னெஸ்', சூசை 'யோசேபுஸ்', முடியப்பு 'ஸ்தேபானுஸ்', ஞானப்பிரகாசம் 'அலோய்சியுஸ்'. யாகப்பு, சந்தியாகு இரண்டும் 'யாக்கோபுஸ்' என்றே எழுதப்பட்டிருக்கும். இதை அறிந்து தேடியபோது இராயப்புவின் வரி கிடைத்தது. அந்த வரியில் ஆச்சியின் அப்பப்பா, அப்பாச்சி இருவரின் பெயர்களும் இருந்தன.

இன்னொரு முக்கிய செய்தி, ஓரக் குறிப்பு. ஒருவர் வேறொரு பங்கில் விவாகம் செய்தால், அந்தச் செய்தியை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து, பழைய பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திருச்சபைச் சட்டம் இதைக் கேட்கின்றது. ஆகவே சிங்கப்பூரில் நடந்த விவாகமானாலும் அதன் அடையாளம் தீவகத்து ஏட்டின் ஓரத்தில் வந்து சேரும். ஊரை விட்டுப் போனவரைத் தேட இதைவிட எளிய வழி குறைவு.

யுத்த காலத்தில் சில ஏடுகள் இடம் மாறியிருக்கலாம். பங்குத்தந்தையிடம் கேளுங்கள்; அங்கே இல்லாவிட்டால் ஆயர் இல்லத்தில் விசாரியுங்கள். சேமக்காலைக் கல்லறைகளையும் வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவது ஏடு: அரச பதிவு

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1867 இல் வந்தது. பிறப்புச் சான்றிதழில் தகப்பனாரின் தொழிலும் பிறந்த இடமும் எழுதப்படும். 'கூலி', 'கமம்', 'கடற்றொழில்' என்ற அந்த ஒரு சொல்லே உங்கள் குடும்பத்தின் உழைப்புக்குச் சாட்சி. இறப்புப் பதிவில் செய்தி கொடுத்தவர் பெயரும் இருக்கும். அவர் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்.

பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். தீவகத்துக்கு நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் எனச் செயலகங்கள் உள்ளன. நயினாதீவும் புங்குடுதீவும் வேலணையைச் சேர்ந்தவை. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறையைச் சேர்ந்தவை. திகதி தெரியாவிட்டாலும், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று கூறித் தேடுவிக்கலாம்.

நான்காவது ஏடு: உறுதி

1840 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு, காணி கைமாறுவதானால் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுத வேண்டும். காணிப் பதிவுச் சட்டம் 1863 இல் வந்தது. உறுதியின் ஒரு பிரதி உரியவரிடமும், ஒன்று நொத்தாரிசிடமும், ஒன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும். இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்: உங்கள் தாள் தொலைந்தாலும் பதிவகத்துப் பிரதியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க வழியுண்டு.

யாழ்ப்பாணத்து உறுதிகளில் பெண்வழி தெளிவாகத் தெரியும். தேசவழமைப்படி சொத்து முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கப்படும். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வழமைகளை 1707 இல் தொகுத்தார். பிரித்தானியர் 1806 இல் அதைச் சட்டமாக ஏற்றனர். தாயின் சீதனம் மகளின் சீதனமாக இறங்குவது வழக்கம். ஆகையால் ஒரு சீதன உறுதியில் மணமகள், மணமகன், மணமகளின் பெற்றோர் அனைவரும் நிற்பர்.

காணியே இல்லாதவர்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். உறுதியில் நான்கு எல்லைகளும் எழுதப்படும். 'கிழக்கு இன்னாருடைய காணி' என்னும் இடத்தில், அரைப் பரப்பு வைத்திருந்த ஏழையின் பெயரும் நிற்கும். சாட்சி வைத்த இடத்தில், எழுதத் தெரியாதவரின் புள்ளடியும் நிற்கும். பெரிய காணிக்காரரின் உறுதியில் உங்கள் பூட்டியைத் தேடுங்கள்.

ஆச்சியின் பெட்டியிலிருந்த கிழிந்த தாளைப் படித்தபோது நாமே ஆச்சரியப்பட்டோம். அம்மம்மாவுக்கு ஒரு பரப்புச் சீதனக் காணி இருந்திருக்கிறது. அதை 1930களில் ஒற்றி வைத்திருக்கிறார்கள். பின்னர் அது மீட்கப்படவில்லை. அதனால் ஆச்சியின் தாயார் சீதனமின்றியே கலியாணம் முடித்தவர்.

ஐந்தாவது ஏடு: தோம்பு

போர்த்துக்கேயர் தந்த சொல் 'தோம்பு'. அவர்களுக்குப் பின் 1658 இல் வந்த ஒல்லாந்தர், வரிக்கும் ஊழியத்துக்கும் ஆள் தேவைப்பட்டதால் குடும்பங்களையும் காணிகளையும் தோம்புகளில் எழுதினர். பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பள்ளித் தோம்பில் பதிந்தனர். எஞ்சிய ஒல்லாந்தர் ஆவணங்கள் கொழும்பு 7 இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அவற்றில் ஊர்களின் பெயர் மாறியிருக்கும். வேலணைத்தீவு 'லெய்டன்'; புங்குடுதீவு 'மிடில்பேர்க்'; காரைதீவு 'அம்ஸ்ரடாம்'; அனலைதீவு 'ரொட்டர்டாம்'; நயினாதீவு 'ஹார்லெம்'; நெடுந்தீவுக்கு 'டெல்வ்ற்' என்ற பெயர் இன்றும் நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கினர். யாழ்ப்பாணத்தில் அடிமைகளைப் பதிவு செய்ய 1818 இல் பிரித்தானியர் ஒழுங்குவிதி இயற்றினர். 1844 இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தேடுகையில் இப்படியான பதிவு ஒன்றைச் சில குடும்பங்கள் காணக்கூடும். அதில் வெட்கப்பட வேண்டியவர் வாங்கியவரும் விற்றவருமே. விற்கப்பட்ட நிலையிலும் பிள்ளை குட்டிகளை வளர்த்து ஒரு சந்ததியை எமக்குத் தந்தவர்களை நன்றியோடு நினைப்போம்.

கடல் கடந்து போனவர்கள்

தீவகத்தார் நிலத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் அல்லர். தோணியில் தண்டையலோடு போனவர்கள், கொழும்பிலும் தென்பகுதி நகரங்களிலும் கடைகளில் நின்றவர்கள், மலாயாவுக்குப் போனவர்கள் என ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885 இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அந்தப் புகையிரதச் சேவையில் யாழ்ப்பாணத்தவர் பலர் வேலை பார்த்தனர்.

ஆச்சியின் தாய்மாமனும் 1930களில் மலாயா போனவர். "தமையன் என்ரை காணியைத் திண்டிட்டுப் போனவர், ஒரு கடதாசியும் போடேல்லை" என்று தாயார் சாகும்வரை சொல்லி அழுவாராம். ஒற்றி உறுதியையும் காசுக்கட்டளைத் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒற்றி எழுதிய ஆண்டும் மாமன் கப்பலேறிய ஆண்டும் ஒன்றே. ஒரு பரப்புக் காணி கப்பல் காசாகியிருக்கிறது. ஆனால் துண்டுகளின் திகதிகளை வரிசைப்படுத்தியபோது, 1941 வரை அவர் விடாமல் காசு அனுப்பியிருப்பது தெரிந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

1941 டிசம்பரில் யப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1945 வரை அவர்களுடைய ஆட்சி. கடிதமும் காசும் நின்றன. அக்காலத்தில் சயாம்–பர்மா புகையிரதப் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாக இறந்தனர். மாமனும் அங்கே மாண்டிருப்பாரோ என்று எண்ணினோம். பங்கு ஏட்டில் அவருடைய ஞானஸ்நானப் பதிவைத் தேடி எடுத்தோம். ஓரத்தில் சிறு எழுத்தில் ஒரு குறிப்பு: 1946 இல் மலாயாவில் விவாகம். யுத்தத்தில் தப்பியிருக்கிறார். அங்கே ஒரு குடும்பமும் அமைத்திருக்கிறார்.

இதைச் சொன்னபோது ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்கு இதை ஆராவது வாசிச்சுக் காட்டியிருக்கலாம்" என்றார்.

அக்கரையிலிருந்து வந்தவர்

கடைசியாக மேல் வரிசை. ஆச்சியின் அப்பப்பாவின் விவாகப் பதிவில், அவருடைய தகப்பனாரின் சொந்த ஊராக இராமநாதபுரக் கரையோரக் கிராமம் ஒன்றின் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஆச்சியின் பூட்டன் கடல் கடந்து வந்தவர்! ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால், அவர் வந்தது 1876–78 இல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய காலம். அந்நாளில் இரு கரைக்கும் இடையே கடவுச்சீட்டும் இல்லை, விசாவும் இல்லை. 1948 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே அந்தக் கதவு மூடப்பட்டது. இன்றும் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இரு கரையாரும் சந்திக்கும்போது, அக்கரையில் நிற்பவர் ஒருவர் தன் உறவினராக இருக்கலாம் என்று தீவகத்தார் நினைத்துக்கொள்ளலாம்.

இச்செய்திக்கு ஆச்சியின் வீட்டில் தனிப்பட்ட பொருள் உண்டு. வேலிக்கு அப்பால் இருப்பது 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவர்களை 'வடக்கத்தையார்' என்று பிரித்துப் பேசும் வழக்கம் எம்மவரிடம் இருந்தது, ஆச்சியிடமும் இருந்தது. அந்தக் குடும்பத்தின் முன்னோரும் பஞ்சத்துக்குத் தப்பி, அதே கடலைத் தாண்டி வந்தவர்கள். ஒருவர் தீவகத்தில் புகையிலைக்கு இறைத்தார். மற்றவர் மலையில் தேயிலை நட்டார். வேறுபாடு அவ்வளவே.

ஆனால் சட்டம் அவர்களுக்கு வேறு கணக்குப் போட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பனார் அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கும்படி கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் எங்கே? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அந்த இழுபறி முடியவில்லை. பிற்காலப் பிறப்புச் சான்றிதழ்களில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றைக் கேட்கும் கூடு ஒன்று உண்டு. பாட்டன் பெயர் தெரியாவிட்டால் வெறும் மனக்குறை என்றுதான் நாம் எண்ணுகின்றோம். அந்த மக்களுக்கோ அது நாட்டையே இழப்பதாயிற்று.

இனி என்ன செய்யலாம்?

ஒரு நாற்பது தாள் கொப்பி வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒருவர்: பெயர், வீட்டுப் பெயர், பிறந்த இடம், செய்த தொழில், போன ஊர்கள், இச்செய்தியைச் சொன்னவர் யார் என்று எழுதுங்கள். கேட்டதையும் ஏட்டில் கண்டதையும் வேறு வேறு மையில் எழுதினால் பின்னர் குழப்பம் வராது. இடம்பெயர்ந்த நாட்களையும் எழுதுங்கள். எந்த நாளில், எந்த வழியால், யார் யாருடன் போனீர்கள் என்பதை. உங்கள் பேரப்பிள்ளைகள் ஒருநாள் அதையும் தேடுவார்கள். எழுதியதைப் பிரதி எடுத்து ஒன்றை வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தவை எரிந்தே போயின. ஒரு பெட்டியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

சிறுவனின் கொப்பியில் இப்போது ஐந்து வரிசையும் நிரம்பியிருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் கீழே தொழிலும் இருக்கிறது: துலா மிதித்தவர், கடகம் இழைத்தவர், தோணியில் வந்தவர். ஓரத்தில் ஆச்சி சொல்லி எழுதுவித்த ஒரு பெயரும் உண்டு. ஆசிரியர் கேட்ட வரிசையில் அவருக்கு இடமில்லை. மலாயா போன மாமன் அவர்.

முதியவர்கள் ஏடுகளைப்போல் காத்திருக்க மாட்டார்கள். இந்தக் கிழமையே அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.